ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் என்ற அமெரிக்க ஃபங்க் இசைக்குழுவின் மிகச் சிறந்த ஆல்பம் எது? அதன் ரசிகர்கள் இந்த விஷயத்தில் ஏன் ஒத்துப்போவதே இல்லை?

என் வாக்கு 1973-இல் வெளிவந்த 'ஃப்ரெஷ்' ஆல்பத்துக்கு. இதைச் சொன்னவுடன் இந்தக் குழுவின் ரசிகர்களில் பாதிப் பேர் புருவத்தை உயர்த்துவார்கள், மீதிப் பேர் "அதுவும் நல்ல ஆல்பம்தான், இருந்தாலும்..." என்று இழுப்பார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அப்படி இழுத்துக்கொண்டிருந்தவன்தான். 2025 ஜூன் 9 அன்று குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோன் தமது 82-ஆம் வயதில் மறைந்தபோது, இசை கேட்கும் நண்பர்களுக்குள் இந்தப் பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. என் தரப்பை வலுவாக எடுத்துவைக்க வேண்டும் என்பதற்காகவே எல்லா ஆல்பங்களையும் வெளிவந்த வரிசையில் மீண்டும் கேட்டேன். கேட்டு முடித்தபோது கட்சி மாறியிருந்தேன்.

சண்டை புரிய வேண்டுமானால் குழு எப்படிப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும். டெக்சாஸில் பிறந்து கலிபோர்னியாவின் வல்லேஹோவில் வளர்ந்த சில்வெஸ்டர் ஸ்டூவர்ட், வானொலி அறிவிப்பாளராகவும் பிறருடைய இசைத்தட்டுகளின் தயாரிப்பாளராகவும் வேலை பார்த்த பிறகு, ஸ்லை ஸ்டோன் என்ற பெயரில் 1966-இன் இறுதியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழு இது. தம்பி ஃப்ரெடி கிட்டார், சற்றுப் பின்னர் வந்து சேர்ந்த தங்கை ரோஸ் கீபோர்டும் பாட்டும், லாரி கிரஹாம் பேஸ், கிரெக் எரிக்கோ டிரம்ஸ், சிந்தியா ராபின்சன் டிரம்பெட், ஜெர்ரி மார்ட்டினி சாக்ஸஃபோன். கறுப்பர்களும் வெள்ளையர்களும், ஆண்களும் பெண்களும் ஒரே மேடையில், அதிலும் பெண்கள் வெறும் கோரஸ் பாடுபவர்களாக இல்லாமல் வாத்தியம் வாசிப்பவர்களாக நின்றது அன்றைய அமெரிக்காவில் மிக அபூர்வம். ஆகவே இந்தக் குழுவின் உருவமே ஓர் அறிக்கையாக இருந்தது. ரசிகர்களின் விவாதம் ஆல்பத்தைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், அடியில் ஓடுவது இந்த உருவத்தைப் பற்றிய கேள்விதான்: ஏழு பேரும் சேர்ந்து வாசிப்பதுதான் இந்தக் குழுவா, அல்லது ஸ்லை என்ற ஒருவருடைய தலைக்குள் ஒலித்ததுதான் இந்தக் குழுவா?

முதல் மூன்று ஆல்பங்களை யாரும் முதலிடத்துக்கு முன்மொழிவதில்லை, நானும் மொழியவில்லை. 1967-இல் வந்த முதல் ஆல்பத்தை இசைக்கலைஞர்கள் மெச்சினார்கள், கடைகளில் விற்கவில்லை. 1968-இல் 'டான்ஸ் டு தி மியூசிக்' பாட்டு வெற்றி பெற்றது, ஆனால் அதே பெயரிலான ஆல்பம் அந்த ஒரு பாட்டையே பல அளவுகளில் வெட்டித் தைத்ததுபோல இருக்கிறது. அதே ஆண்டு வந்த 'லைஃப்' மனத்துக்கு இனியது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் கட்சி, 1969 மே மாதம் வந்த 'ஸ்டாண்ட்!' கட்சி. குழு முழுமையாகக் குழுவாக இருந்தது இதில்தான் என்பது இவர்களுடைய வாதம், அதில் பெரும் நியாயம் இருக்கிறது. 'எவ்ரிடே பீப்பிள்' 1969 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டின் பேஸை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள்: லாரி கிரஹாம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் வாசிக்கிறார். மற்றவர்கள் அனைவரும் அதன்மேல் ஏறியும் இறங்கியும் மாறி மாறிப் பாட, அந்த ஒற்றை ஸ்வரம் வீட்டுத் தூண்போல அசையாமல் நிற்கிறது. இத்தனைக்கும் இவர் சாதாரண பேஸ் வாசிப்பாளர் அல்லர். தாயாருடன் இரவு விடுதிகளில் வாசித்துவந்த நாட்களில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போனதால், அந்தக் குறையை ஈடுகட்டக் கட்டைவிரலால் தந்தியை ஓங்கி அடித்தும் மற்ற விரல்களால் சுண்டியும் வாசிக்கத் தொடங்கி, இன்று உலகெங்கும் 'ஸ்லாப் பேஸ்' என்று கற்றுத்தரப்படும் முறையின் முன்னோடியாக ஆனவர். அப்படிப்பட்டவர் ஒரு ஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதில்தான் அந்தக் குழுவின் ஒழுக்கம் இருக்கிறது. அந்த ஆகஸ்ட் மாதம் வுட்ஸ்டாக் இசை விழாவில், பொழுது விடியாத வேளையில் அரைத் தூக்கத்தில் கிடந்த கூட்டத்தை 'ஐ வான்ட் டு டேக் யூ ஹையர்' பாட்டால் இவர்கள் எழுப்பி நிறுத்தியதை அந்த விழாவின் ஆவணப்படத்தில் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்சியின் உற்சாகம் எளிதில் விளங்கும்.

ஆனால் இதே ஆல்பத்தில் அந்த வாதத்தையே கவிழ்க்கும் ஒன்று ஒளிந்திருக்கிறது. தலைப்புப் பாட்டான 'ஸ்டாண்ட்!' ஒழுங்காக நடைபோட்டு வந்து, கடைசிக் கட்டத்தில் திடீரென்று வேறு தாள நடைக்குத் தாவித் தேவாலயக் கொண்டாட்டமாக மாறுகிறது. நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பிடித்த இடமாகச் சொல்வார்கள். பாட்டின் முதல் வடிவத்தில் அது கிடையாது. ஸ்லை அந்த முதல் வடிவத்தை சான்ஃபிரான்சிஸ்கோவின் நடன விடுதி ஒன்றில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார். ஆடுபவர்களிடம் எதிர்பார்த்த எழுச்சி இல்லை. உடனே ஸ்டூடியோவுக்குத் திரும்பி இந்த முடிவைச் சேர்த்தார். அன்று குழுவில் எல்லோரும் கிடைக்காததால், இருந்தவர்களை வைத்துக்கொண்டு மற்ற இடங்களைக் கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோ கலைஞர்களால் நிரப்பினார். ஆக, 'ஏழு பேரும் கூடி வாசித்த' ஆல்பத்தின் உச்சத் தருணமே ஏழு பேரும் இல்லாமல் உருவானது. இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை. போதாக்குறைக்கு, பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் 'செக்ஸ் மெஷின்' என்ற வாத்திய ஆலாபனையும் இதே ஆல்பத்தில்தான் இருக்கிறது. அதை முழுவதும் பொறுமையாகக் கேட்டவர்களை நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

இரண்டாவது கட்சி, நான் நெடுங்காலம் இருந்த கட்சி, 1971 நவம்பரில் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' ('கலவரம் ஒன்று நடக்கிறது') ஆல்பத்தைக் கொண்டாடுவது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் எல்லாம் மாறியிருந்தது. போதைப்பழக்கம் முற்றி, ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளுக்குப் பலமுறை ஸ்லை வராமலே இருந்தார். புதிய ஆல்பம் வராததால் 1970-இல் இசைத்தட்டு நிறுவனம் வெற்றிப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டுக் காலத்தை ஓட்டியது. எரிக்கோ 1971-இல் விலகினார். ஸ்லை பெரும்பாலும் தனியாகவே பதிவு செய்தார். டிரம்ஸ் இருந்த இடத்துக்கு 'ரிதம் கிங்' என்ற தாள இயந்திரம் வந்தது. விடுதிகளில் ஆர்கன் வாசிப்பவர்கள் பக்கவாத்தியத்துக்காக வைத்துக்கொள்ளும் எளிய பெட்டி அது. பாபி வோமாக் கிட்டாரும் பில்லி பிரெஸ்டன் கீபோர்டும் வாசித்தார்கள். குழுவினர் தனித்தனியாக வந்து தத்தம் பகுதியைப் பதிந்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒலிநாடாவில் அழித்து அழித்துத் திரும்பத் திரும்பப் பதிந்ததால் நாடா தேய்ந்து, ஆல்பம் முழுவதும் ஈரத்துணியால் மூடியதுபோன்ற மங்கலான ஒலி படிந்தது. தொழில்நுட்பக் கணக்கில் இது குறை. ஆனால் 1960-களின் நம்பிக்கைகள் கரைந்துபோன அமெரிக்காவின் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி வேறு இல்லை. விமர்சகர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பதற்கும் அதுவே முதற்காரணம். இசை விமர்சகர் கிரெயில் மார்கஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் ஸ்லைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இத்தனை இருண்ட ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, அதிலிருந்த 'ஃபேமிலி அஃபேர்' பாட்டும் முதலிடத்துக்குப் போனது. தலைப்புப் பாட்டின் நீளம் உறையில் 0:00 என்று அச்சாகியிருந்தது. அப்படி ஒரு பாட்டே இல்லை. கலவரங்களே இருக்கக் கூடாது என்பதால்தான் அப்படிச் செய்ததாகப் பல ஆண்டுகள் கழித்து ஸ்லை விளக்கம் சொன்னார்.

இந்த ஆல்பத்தை நான் ஏன் கீழே இறக்கினேன்? அதன் பெருமை குறைந்துவிட்டது என்பதால் அல்ல. வரிசையாகக் கேட்டுவந்தபோது, இதில் ஏழு பேரின் குரல்கள் ஒன்றையொன்று இடைமறிக்கும் அந்த விளையாட்டு இல்லாமல் போனது காதில் உறுத்தியது. 1969-இன் முடிவில் அவர்கள் வெளியிட்ட துள்ளலான 'தேங்க் யூ' பாட்டை இந்த ஆல்பத்தின் இறுதியில் ஏழு நிமிட ஊர்வலமாக மெதுவாக்கி மீண்டும் பதிந்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அதை மேதைமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் ஒரு மனிதர் தம் வீட்டுச் சாமான்களைத் தாமே ஏலம் விடுவதைப் பார்க்கும் சங்கடமும் கூடவே வருகிறது.

இனி 'ஃப்ரெஷ்'. 1972-இல் லாரி கிரஹாமும் போய்விட்டார். பேஸுக்கு ரஸ்டி ஆலனும் டிரம்ஸுக்கு ஆண்டி நியூமார்க்கும் வந்தார்கள். என் வாதம் முழுவதும் முதல் பாட்டான 'இன் டைம்' மீது நிற்கிறது. ஃபங்க் இசைக்காரர்கள் ஓயாமல் 'தி ஒன்' என்று சொல்வது நம் தாளக்காரர்கள் சமம் என்று சொல்லும் முதல் அடியைத்தான். எத்தனை தூரம் சுற்றினாலும் எல்லோரும் அங்கே வந்து சேர வேண்டும். 'இன் டைம்' பாட்டில் அடியில் அதே தாள இயந்திரம் மெல்லியதாகத் துடித்துக்கொண்டே இருக்க, அதன்மேல் நியூமார்க் நிஜ டிரம்ஸ் வாசிக்கிறார். இயந்திரம் எதிர்பார்க்கும் இடத்தில் அவர் அடிப்பதில்லை. ஸ்நேர் என்ற டிரம்மின் அடி கொஞ்சம் முன்னாலோ கொஞ்சம் தள்ளியோ விழுகிறது. தொடையில் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டே கேட்டால், இரண்டாவது சுற்றிலேயே நம் கை தப்பான இடத்தில் நிற்பதாகச் சந்தேகம் வரும். உண்மையில் கை சரியாகத்தான் இருக்கும். ஆர்கனும் கிட்டாரும் காற்று வாத்தியங்களும் ஆளுக்கு ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து அதில் மட்டும் நுழைந்து வெளியேறுகின்றன. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் இந்தப் பாட்டைத் தம் குழுவினரை உட்காரவைத்து அரை மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. பாட்டைக் கேட்டவர்களுக்கு அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

முந்தைய ஆல்பத்தில் இயந்திரம் வந்ததும் மனிதர்கள் வெளியேறினார்கள். இதில் இயந்திரமும் மனிதரும் ஒரே பாட்டில் எதிரெதிராக உட்கார்ந்து பேசுகிறார்கள். குழுவா தனிமனிதரா என்ற வழக்கு, எனக்குத் தெரிந்தவரை, இங்கேதான் இரு தரப்புக்கும் இடம் விட்டு ஒலிக்கிறது. 'இஃப் யூ வான்ட் மீ டு ஸ்டே' பாட்டில் பேஸ் முன்னால் நடக்க, ஸ்லையின் குரல் சோம்பல் முறித்துக்கொண்டே பின்தொடர்கிறது. ஃபங்க் இசைக்கலைஞர் ஜார்ஜ் கிளிண்டன் தயாரித்த 1985-ஆம் ஆண்டு ஆல்பத்தில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவினர் இதை மறுபடி பாடினார்கள். டோரிஸ் டே 1956-இல் புகழ்பெறச் செய்த 'கே செரா செரா' பாட்டை ரோஸ் இங்கே தேவாலயத்து மெதுநடையில் பாடுகிறார். கேலியாக முடிந்திருக்கக்கூடிய ஒன்று, கேட்கக் கேட்கத் தொண்டையை அடைக்கிறது. கடைசி இரண்டு பாட்டுகள் மெலிந்தவை என்பதை எதிர்க்கட்சி சுட்டிக்காட்டினால் மறுக்க மாட்டேன்.

இந்த ஆல்பத்தைப் பற்றிய சண்டை தீராமல் இருப்பதற்கு வேடிக்கையான இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லை இதன் மிக்ஸிங்கை, அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்த்து அளவாக்கும் வேலையை, முடித்த பிறகும் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த மாற்று வடிவங்கள் 1991-இல் குறுந்தகடாக வந்தபோது தவறுதலாக உள்ளே போய்விட்டன. ஆகவே 1973-இன் இசைத்தட்டைக் கேட்டவரும் அந்தக் குறுந்தகட்டைக் கேட்டவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வெவ்வேறு ஆல்பங்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் கல்லூரி முடித்த காலத்தில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கியதும் அந்தக் குறுந்தகடுதான். 2007-இல் வந்த மறுபதிப்பில் அசல் மிக்ஸ் திரும்பியது, மாற்று வடிவங்கள் சில கூடுதல் பாட்டுகளாக இணைக்கப்பட்டன. எனவே நீங்கள் கேட்பதானால் அந்த மறுபதிப்பைத் தேடிக் கேளுங்கள், அதற்கு முன்பாக 'ஸ்டாண்ட்!', 'ரயட்' இரண்டையும் அதே வரிசையில் கேட்டுவிடுங்கள். நேராக 'ஃப்ரெஷ்' ஆல்பத்துக்குப் போனால் அது எதற்குப் பதில் சொல்கிறது என்பது பிடிபடாது. 1991-இன் குழப்பத்தில் மாறாமல் தப்பிய ஒரே பாட்டு 'இன் டைம்'. ஆகவே அந்த ஒரு பாட்டைப் பொறுத்தவரை, என் பழைய குறுந்தகட்டை வைத்துக்கொண்டும் நான் வாதாடலாம்.