அம்மாவுக்கு அந்தத் தொடரை அனுப்பட்டுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. அண்ணா 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மீள்குடியேறிய பிறகு அம்மா ஒரு 'ஐயா'வின் பிரார்த்தனைக் குழுவில் சேர்ந்தா. அண்ணா உயிரோடு இருக்கிறார் என்று ஐயா சொல்லுகிறாராம். அதற்குள்தான் வளர்ந்தேன். 19 வயதில் வெளியேறி, இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 13 வயதுத் தம்பி பள்ளிக்கூடத்தை விட்டு, ஐயாவின் காணியில் வேலை செய்கிறான். அப்பா வாய் திறப்பதில்லை. அமெரிக்க மதக்குழு ஒன்றைப் பற்றிய 'கீப் ஸ்வீட்: பிரே அண்ட் ஒபே' ஆவணத் தொடரைப் பார்த்தேன், எங்கள் வீடு மாதிரியே இருந்தது. அதை அம்மாவுக்கு அனுப்பட்டுமா? பொலிசுக்குப் போகட்டுமா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: அனுப்ப வேண்டாம், தங்கச்சி. 'வெளியில இருக்கிறவை எங்களைப் பற்றிப் பொய் சொல்லுவினம், பெத்த பிள்ளையளே எதிராத் திரும்புவினம்' என்று அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் அனுப்பும் வீடியோ ஐயாவின் வாக்குப் பலித்ததற்குச் சாட்சியாகிவிடும். தம்பியோடு பேசும் வழியும் அடைபடும்.

நீங்கள் பார்த்த கதையிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தில் அந்தக் குழுவின் பண்ணைக்குள் புகுந்த அதிகாரிகள் 400க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டிச் சென்றார்கள். அடுத்த மாதமே, எல்லோரையும் ஒட்டுமொத்தமாகப் பிரித்தது சரியல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, பெரும்பாலான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். குழுவின் தலைவர் வாரன் ஜெஃப்சுக்கு 2011இல் ஆயுள் தண்டனை கிடைத்தது, சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்கள் ஆதாரத்தோடு நிரூபிக்கப்பட்டதால். அவர் எதைப் போதித்தார் என்பதற்காக அல்ல.

ஆகவே 'அந்தக் கூட்டம் கூடாது' என்று முறையிட்டுப் பயனில்லை. 'இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை' என்று முறையிடுங்கள். இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தம்பியின் வயது, பள்ளிக்கூடத்தின் பெயர், கடைசியாகப் போன மாதம், காணி வேலை, இவ்வளவும் போதும். ஐயாவின் உபதேசம் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். ஆனால் அடி, பூட்டி வைத்தல், தகாத தொடுகை என்று ஏதாவது கேள்விப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

பிரதேச செயலகத்துக்குப் போக முதல் அப்பாவைத் தனியாகக் காணுங்கள். வாய் திறக்காதவர் உடன்பட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிள்ளையைக் கையில் பிடித்து அதிபரிடம் கூட்டிப்போக அவருக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அம்மாவின் விஷயம்தான் கடினம். முகாம், அலுவலகம், ஆணைக்குழு என்று அலைந்த எத்தனையோ தாய்மார் ஒரு பதிலும் இல்லாமல் திரும்பியவர்கள். 'உன் மகன் இருக்கிறான்' என்று அடித்துச் சொல்ல ஒருவர் வந்தால் அவரை விட்டுவிட மனம் வருமா? அந்த ஐயாவை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, ஆனாலும் அம்மாவை முட்டாள் என்று சொல்லமாட்டேன். வீட்டில் வேறு யாராவது அண்ணாவைப் பற்றி அம்மாவோடு பேசுகிறார்களா? நீங்கள் பேசுங்கள். அண்ணாவுக்குப் பிடித்த கறி எது, சின்னனில் என்ன குழப்படி செய்தார் என்று கேளுங்கள். இருக்கிறாரா இல்லையா என்ற வாதத்துக்குள் இறங்க வேண்டாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராடத் தொடங்கிய தாய்மாரில் யாரையாவது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், அவர்களோடு ஒருநாள் கூட்டிப்போய் இருத்துங்கள். பிள்ளையைத் தேடும் இன்னொரு தாய் பேசினால் அம்மா காது கொடுப்பா.

பிரதேச செயலகத்துக்குப் புதிய தவணை தொடங்கும் முன்பே போய்விடுங்கள். நடுவில் போனால், அடுத்த தவணைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடக்கூடும்.