தொடர்பும் தொண்டும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் தந்தை விருதுநகரில் நெடுங்காலம் மிளகாய் வத்தல் கமிஷன் கடை நடத்தியவர். கோயில் திருப்பணிக் குழு, பள்ளி நிர்வாகக் குழு, ரோட்டரி சங்கம், ரத்ததான முகாம் என்று அவர் பெயர் இல்லாமல் ஊரில் அழைப்பிதழ் அச்சாவது அரிது. கலெக்டர் அலுவலகமானாலும் ஆஸ்பத்திரியானாலும் "அண்ணாச்சி ஒரு போன் போட்டால் போதும்" என்பார்கள். சென்ற ஆண்டு காலமானார். முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பிறர் எழுதி அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் அவரை வள்ளல் என்கின்றன. என் அக்காள் கணவரோ, "மாமா செய்ததெல்லாம் கடைக்கு விளம்பரம்தானே" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். இரண்டுமே மனத்தில் ஒட்டவில்லை. ரத்தம் கொடுப்பவர்களின் பெயரும் வகையும் எழுதிய அவருடைய டைரி என்னிடம் இருக்கிறது. தொழிலுக்காகச் சேர்த்த செல்வாக்கைக் கொண்டு செய்த காரியங்களைத் தொண்டு என்று எழுதலாமா?

அன்புடன்,
எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அக்காள் கணவர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. உங்கள் தந்தையின் பொதுக்காரியங்களால் கடைக்கு நன்மை கிடைத்திருக்கும். கிடைக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கமிஷன் கடையில் சரக்கு விவசாயியுடையது, வாங்குகிறவர் பெரும்பாலும் வெளியூர் வியாபாரி. நடுவில் நிற்பவர் விளைச்சலுக்கு முன்பே ஒருவருக்கு முன்பணம் கொடுக்கிறார், மற்றவருக்குக் கடனுக்குச் சரக்கை அனுப்புகிறார், வசூலாவதற்கு முன்பே சாக்குக்கு உரியவருக்குப் பட்டியல் போட்டுப் பணம் எண்ணிக் கொடுக்கிறார். இத்தனைக்கும் ஆதாரம் அவருடைய பேரில் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கைதான். அப்படிப்பட்டவர் திருப்பணிக் குழுவில் இருப்பதும், பத்துப் பேருக்குத் தெரிந்தவராக இருப்பதும் தொழிலுக்கு முதல் போடுவதைப் போன்றதே. இதை மலரில் ஒளிக்க வேண்டியதில்லை.

அவர் இருந்த ரோட்டரி சங்கத்தின் பிறப்பே இப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர் ஆகிய மூவரோடு கூடியபோது, தொழிலுக்கு ஒருவர் என்று சேர்ந்து தமக்குள் வியாபாரத்தைப் பகிர்ந்துகொள்வதும் அந்தக் கூட்டத்தின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் தேடிக் கொடுத்தார்கள் என்று தொடக்க நாட்களில் கணக்கே வைத்திருக்கிறார்கள். தம் உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படும் ஒரு சங்கத்தில் தமக்கு வேலையில்லை என்று 1906இல் ஒரு காப்புரிமை வழக்கறிஞர் சேர மறுத்த பிறகுதான் ஊருக்கு நன்மை என்ற நோக்கம் விதிகளில் ஏறியது. அடுத்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பெரிய பொதுக்காரியம் நகரில் ஒரு பொதுக் கழிப்பறை கட்டச் செய்தது. (நம் ஊர்ச் சங்கங்கள் இந்த முன்னோடியை இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டிருக்கலாம்.) அதே அமைப்பு 1985இல் போலியோ ஒழிப்பை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். ஊர் ஊராக அதற்கு உழைத்தவர்களில் உங்கள் தந்தையைப் போன்ற கடைக்காரர்கள் பலர்.

ஆகவே, தொழிலும் தொண்டும் ஒரே ஆளிடம் கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியில் மலரின் பக்கங்களை வீணாக்க வேண்டாம். என் பார்வையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவருடைய தொடர்புகள் அவரோடு முடிந்தனவா, அல்லது அவரைத் தெரியாதவருக்கும் எட்டும்படி ஏதாவது ஓர் ஏற்பாடாக நிலைத்தனவா?

ரத்த டைரியையே எடுத்துக்கொள்வோம். பணத்துக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அது சரியான தடை. ஆனால் அதன் பிறகு சிறுநகர ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த குடும்பம், ஆஸ்பத்திரி கொடுத்த ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஆளைக் கூட்டிவர வேண்டிய நிலை வந்தது. சேமித்து வைத்துச் சமாளிக்கலாம் என்றால், ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தாங்குவதில்லை. கொடுத்த ஆணும் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். இந்த இடத்தில் பணம் பெரிதாக உதவாது. இரவு பதினோரு மணிக்கு யாரை எழுப்பினால் எழுந்து வருவார் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். அவரிடம் கடன்பட்டவர், அவரிடம் சரக்குப் போட்டவர், அவரால் தம் மகனுக்குப் பள்ளியில் இடம் பெற்றவர் என்று ஏதோ ஒரு வழியில் கட்டுப்பட்டவர்கள்தாம் அந்நேரத்துக்கு வருவார்கள். செல்வாக்கே இங்கே தொண்டின் கருவியாகிவிடுகிறது. அது இல்லாமல் நல்ல மனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரவில் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆனால் அண்ணாச்சியின் எண் தெரியாதவர் என்ன செய்தார்? அவருக்கும் ரத்தம் தேவைப்பட்டிருக்கும். போன் போட்டு ஆகும் காரியத்தில் இருக்கும் குறை இதுதான். ஒருவருக்குப் படுக்கை கிடைத்தால், வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் பேசாமல் பின்னுக்குப் போயிருக்கலாம். செய்தவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை, நன்றி சொல்ல வந்தவர் மட்டும்தான் படுகிறார்.

ஒருவரின் போனை நம்பாத ஏற்பாடு எப்படி இருக்கும் என்று உங்கள் ஊருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் மகமை வளர்ந்த மண் அது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்தில், நாடார் வணிகர்கள் தங்கள் ஊர்ச் சாதி அமைப்பான உறவின்முறைக்குள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு எடுத்து வைத்தார்கள். கொடுப்பவரின் அன்றைய மனநிலையை அது நம்பியிருக்கவில்லை. வியாபாரம் நடந்தால் மகமை உண்டு, அதற்குக் கணக்கு உண்டு, கணக்கைக் கேட்க ஆள் உண்டு. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வளர்த்ததாக ஊர் சொல்லும் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி அது. அந்த அரிசியைப் போட்ட பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது, பள்ளி இருக்கிறது. மகமைக்கும் குறை உண்டு. சாதி வட்டத்துக்குள் திரட்டிய நிதி அது, வட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அதில் கேட்கும் உரிமை இருக்கவில்லை. இருந்தாலும் தனி மனிதரின் கைராசியாக இருந்ததை ஊர் ஏற்பாடாக மாற்றும் வித்தை அதில் இருந்தது. ரோட்டரியில் தலைவர் பதவி ஜூலை முதல் ஜூன் வரை ஓராண்டுதான் என்று வைத்திருப்பதிலும் இதே எண்ணத்தின் சாயலைக் காண்கிறேன், அந்த ஓராண்டுக்காக நடக்கும் போட்டிகளை மறந்துவிட்டு!

எனவே உங்கள் தந்தை இருந்த பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேடுகளை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். அவர் காலத்தில் ஓர் உதவித்தொகை, ஒரு கட்டிடம், ஒரு விதிமாற்றம் என்று எதையாவது எழுத்தில் நிலைக்கச் செய்தாரா, அது இப்போதும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். டைரியை மலரில் படம் பிடித்துப் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் இருப்பவை உயிரோடு இருப்பவர்களின் எண்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரை அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் சேர்ப்பதுதான் அதற்குப் பொருத்தமான வேலை.

இன்னொன்று. கட்டுரை எழுதித் தந்தவர்கள் எல்லோரும் அவரைப் போலவே மேடையில் அமர்ந்தவர்களாக இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். கடைக்குப் பின்னால் கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளும் பெண்கள் இருந்திருப்பார்கள். நாள் முழுதும் தும்மலும் விரல் எரிச்சலுமாக உட்கார்ந்து, கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். மூட்டை சுமந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு பிரசவம், ஒரு விபத்து என்று வந்தபோது அந்தப் போன் அடித்ததா என்று கேளுங்கள். அடித்தது என்றால் அந்தச் சம்பவத்தை ஊர், நாள், ஆஸ்பத்திரி விவரங்களோடு எழுதுங்கள், வள்ளல் என்ற சொல்லே தேவைப்படாது. அண்ணாச்சி நல்லவர்தான், கூலிதான் கடைசிவரை ஏறவில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் அவர்கள் சொன்னபடியே போடுங்கள். வீட்டில் எதிர்ப்பு வரும், அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள்.