மண்ணுக்கு வார்த்த மது

அன்புள்ள ஐயா,

பழைய கிரேக்க ஓவியங்களில் தெய்வத்தின் முன் மதுவைத் தரையில் ஊற்றும் காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். குடிக்க வேண்டியதைக் கொட்டி வீணாக்குவதில் என்ன பக்தி? தெய்வத்துக்குக் கொடுக்கும் கையூட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிரேக்கர்கள் இதற்கு இரண்டு சொற்கள் வைத்திருந்தார்கள். ‘ஸ்போண்டே’ என்பதில் கிண்ணத்து மதுவில் சிறிதளவை ஊற்றிவிட்டு மீதியை மனிதர்கள் குடிப்பார்கள். தெய்வத்தோடு ஒரே கலத்தில் பருகுவது, அவ்வளவுதான். அதற்கான ‘ஃபியாலே’ என்ற ஆழமற்ற கிண்ணத்துக்குக் கைப்பிடி கிடையாது. நடுவில் ஒரு குமிழ் எழும்பியிருக்கும். அதன் அடிக்குழிவில் விரல் கொடுத்துச் சாய்ப்பார்கள். போர்நிறுத்த உடன்படிக்கைக்கும் இதே சொல்லின் பன்மைதான் பெயர். தாரை வார்த்ததைத் திரும்பக் கேட்க முடியாதல்லவா?

‘கோயே’ முழுவதையும் ஊற்றிவிடுவது. அது பெரும்பாலும் இறந்தவர்களுக்கு உரியது. ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தின் 11-ஆம் பாடலில் அதன் நாயகன் ஒடிசியஸ் முழ அளவுக் குழி தோண்டி முதலில் தேன் கலந்த பால், அடுத்து மது, மூன்றாவதாகத் தண்ணீர் என்று வார்க்கிறான்.

இன்றைய இராக் பகுதியில் வாழ்ந்த பழைய மெசொப்பொத்தேமியர்களை நினைத்தால் எனக்கு மனம் கசிந்துவிடும். ‘கிஸ்பு’ சடங்கில் அவர்கள் முன்னோருக்கு உணவு படைத்துக் குளிர்ந்த நீர் வார்த்தார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கக் குழாய் வைக்கும் வழக்கமும் இருந்தது. வார்க்க ஆளில்லாத ஆவி தெருவில் எறிந்த எச்சிலைத் தின்று அலையும் என்கிறது அவர்களுடைய காவிய நாயகனான அரசன் கில்காமேஷைப் பற்றிய சுமேரியக் கவிதை ஒன்று. வெறும் தண்ணீரைக் கொண்டு யாரை விலைக்கு வாங்க முடியும்? கீழே இருப்பவருக்குத் தாகம் எடுக்குமே என்று பதறியவர்கள் அவர்கள்.

கையூட்டாக ஊற்ற நினைத்தவர்களும் உண்டு. கிரேக்க நாடகாசிரியர் எஸ்கைலஸ் கி.மு. 458-இல் அரங்கேற்றிய நாடகத்தில், கணவன் அகமெம்னானைக் கொன்ற கிளைட்டெம்னெஸ்ட்ரா ஒரு பாம்புக் கனவுக்கு அஞ்சி அவன் கல்லறைக்குப் பானங்களை அனுப்புகிறாள். கொண்டுபோகும் மகள் எலெக்ட்ரா கலத்தோடு திகைத்து நிற்கிறாள். என்ன சொல்லி ஊற்றுவது? ‘அன்பு மனைவி அனுப்பினாள்’ என்றா? உடன் வந்த அடிமைப் பெண்களிடம் கேட்கிறாள். பிறகு தாய்க்காக மன்னிப்புக் கேட்காமல், சகோதரன் ஒரெஸ்டெஸ் திரும்பி வர வேண்டும் என்று வேண்டி அதே பானத்தை ஊற்றுகிறாள். ஊற்றி முடித்ததும் கல்லறை மேல் ஒரு மயிர்க்கற்றையைக் காண்கிறாள். அது ஒரெஸ்டெஸுடையது.