விண்வெளி வெற்றிடம்தானே, பூமியின் காற்றை அது ஏன் உறிஞ்சிவிடவில்லை?

இதே சந்தேகம் என் அப்பத்தாவுக்கும் வந்தது. காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு வளவில், கோடை இரவுகளில் முற்றத்தை ஒட்டிப் படுத்திருப்போம். மேலே கூரை இல்லை, நேரே வானம். "மூடியில்லாத பானை மாதிரி இருக்கே, காத்து எப்படிப்பா போகாம நிக்குது?" என்று கேட்டார்கள். ஈர்ப்பு விசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அது பாதிப் பதில்தான்.

முதலில், வெற்றிடம் எதையும் இழுக்காது. குழல் போட்டு இளநீர் குடிக்கும்போதுகூட வெளிக்காற்றின் அழுத்தம்தான் இளநீரை மேலே தள்ளுகிறது. ஆக, காற்று போக வேண்டுமானால் சொந்த வேகத்தில்தான் போக வேண்டும்.

அந்த வேகம் எவ்வளவு? நம் ஊர் வெக்கையில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு அரை கிலோமீட்டர் ஓடுகிறது. எதிலும் மோதாமல் அதை நேரே மேலே விட்டால் சுமார் 13 கிலோமீட்டர் ஏறி, வேகம் தீர்ந்து, திரும்ப விழும். பூமியை விட்டுப் போக நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேண்டும். இருபதில் ஒரு பங்குகூட இல்லை! அப்புறம் ஏன் எல்லாம் தரையில் வந்து படியவில்லை? சூடு இருப்பதால். மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்ள, கீழ்க்காற்று மேல்காற்றைத் தாங்கி நிற்கிறது. இதை அன்றைக்கே அப்பத்தாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எடை குறைந்த வாயுக்கள் கதை வேறு. அதே சூட்டில் ஹைட்ரஜன் நைட்ரஜனைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமாக ஓடும். பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் மோதுவதற்கு ஆள் இல்லாத இடத்தில், மிக வேகமானவை தப்பிவிடுகின்றன. மொத்தத்தில் நொடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் நம்மை விட்டுப் போகிறது. தேரோட்டத்தில் குழந்தை கைநழுவ விட்ட பலூனின் ஹீலியமும் என்றாவது ஒருநாள் போய்விடும்.

காந்தப்புலம்தான் காற்றைக் காக்கிறது என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வெள்ளிக் கோளுக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, ஆனால் அங்கே காற்றழுத்தம் நம்மைப்போல் 90 மடங்கு.

சனியின் துணைக்கோள் டைட்டனைப் பாருங்கள். தப்பிக்கத் தேவையான வேகம் அங்கே நொடிக்கு 2.6 கிலோமீட்டர், நம் நிலாவில் 2.4. ஏறக்குறைய ஒன்றுதான். நிலாவில் காற்று இல்லை என்றே சொல்லலாம். டைட்டனிலோ நம்மைவிட ஒன்றரை மடங்கு காற்றழுத்தம். அங்கே குளிர் மைனஸ் 179 டிகிரி, மூலக்கூறுகளுக்கு ஓடத் தெம்பில்லை.