இத்தாலியில் எக்ஸ்சேஞ்ச் மாணவராக பிசினஸ் படித்தவர்கள் இருக்கிறீர்களா? செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுமா?

தகும். ஆனால் அங்கேயே வேலை வாங்கிவிடலாம் என்று நினைத்துப் போனால் தகாது. ஐந்து மாதம் என்பது மொழி பிடிபட ஆரம்பிக்கும்போது பெட்டி கட்ட வேண்டிய காலம்.

நான் திருப்பூர்க்காரன். ஊரில் பிபிஏ ஐந்தாவது செமஸ்டரை மட்டும் வெனிஸில் உள்ள கா ஃபோஸ்காரி பல்கலைக்கழகத்தில் படித்தேன், 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை. எக்ஸ்சேஞ்ச் என்பதால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, ஊர் கல்லூரிக்குக் கட்டுவதைக் கட்டினால் போதும். விமானம், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. எனக்கு மாதம் சுமாராக 750 யூரோ ஆனது. அதில் பாதி வாடகைக்கே போனது, அதுவும் இன்னொருவருடன் பங்கு போட்ட அறைக்கு.

வெனிஸ் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "காலேஜுக்குப் படகிலயா போவ?" என்றுதான் கேட்டார்கள். வெனிஸ் தீவில் வீடு எடுக்கும் வசதி மாணவர்களில் பலருக்குக் கிடையாது. நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேவில் தங்கிக்கொண்டு ரயிலில் போய் வருவார்கள், பத்து நிமிஷப் பயணம்தான். நானும் அப்படித்தான். மெஸ்த்ரேவில் ஒரு வசதி உண்டு. பக்கத்து மார்கெராவில் கப்பல் கட்டும் தளம் இருப்பதால் வங்கதேசத்துக்காரர்கள் நிறைய. அவர்கள் கடைகளில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை எல்லாம் கிடைக்கும். அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி தீர்ந்த பிறகு என்னைக் காப்பாற்றியது அந்தக் கடைகள்தான்.

காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன், பலரும் தடுமாறும் இடம் அது. 90 நாளுக்கு மேல் தங்குவதால் டி வகை விசா. இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு, அதாவது பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோவுக்கு, தபால் நிலையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஒரு உறை கொடுப்பார்கள், உள்ளே படிவங்கள் இருக்கும். அதில் 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அந்த ஸ்டாம்பைத் தபால் நிலையத்தில் கேட்டால் கிடைக்காது, சிகரெட் விற்கும் தபக்கேரியா கடையில்தான் கிடைக்கும். இது தெரியாமல் நான் இரண்டு முறை வரிசையில் நின்றேன். மற்ற கட்டணங்களும் சேர்ந்து நூறு யூரோவைத் தாண்டும். அப்புறம் கைரேகை வைக்க ஒரு தேதி தருவார்கள். கார்டு கைக்கு வரும்வரை தபால் நிலைய ரசீதுதான் உங்கள் அத்தாட்சி, அதைத் தொலைத்துவிடாதீர்கள். கூடவே பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி அடையாள எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இலவசம். வாடகை ஒப்பந்தத்துக்கும் சிம் கார்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

கா ஃபோஸ்காரி 1868இல் வணிகம் கற்பிப்பதற்கென்றே தொடங்கிய பள்ளி. இத்தாலியில் அந்த வகையில் அதுதான் முதல். பொருளாதாரமும் மேலாண்மையும் நடக்கும் சான் ஜோபே வளாகம், ஒரு காலத்தில் நகராட்சியின் மாடு அறுக்கும் கூடமாக இருந்ததாம். இன்று நீளமான செங்கல் கொட்டகைகளுக்குள் வகுப்பறைகள் இருக்கின்றன, வெளியே வந்தால் எதிரே உப்பங்கழி. வகுப்பு குறித்த நேரத்துக்குக் கால் மணி கழித்துத்தான் ஆரம்பிக்கும். 'கல்விக் கால்மணி' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் முழுக்க நான் மட்டும் காலி அறையில் உட்கார்ந்திருந்தேன்.

வருகைப் பதிவு நான் எடுத்த பாடங்களில் கட்டாயமில்லை. 75 சதவீதத்துக்காக ஓடிய நமக்கு இது சொர்க்கம் மாதிரித் தெரியும், ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு. பல பாடங்களில் வகுப்புக்கு வருபவர், வராதவர் என்று இரண்டு பாடத்திட்டம் வைத்திருக்கிறார்கள். வருபவருக்குக் குழு வேலை, பாதிப் புத்தகம். வராதவருக்கு முழுப் புத்தகமும். எக்ஸ்சேஞ்சில் போகிறவர்கள் ஊர் சுற்றும் ஆசையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, ஜனவரியில் முழி பிதுங்குவதை நானே பார்த்தேன்.

எனக்குப் பிடித்த வகுப்பு என்று கேட்டால், கணக்குப் பதிவின் வரலாறு பற்றி நடந்த ஒரே ஒரு வகுப்பைச் சொல்வேன். லூக்கா பச்சோலி என்ற துறவி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவு முறையை விளக்கியிருக்கிறார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கனவே எழுதிவந்த முறையைத்தான் எழுதி வைத்தார், அதை அவரே சொல்லியும் இருக்கிறார். ஜெனோவா நகரத்துக் கணக்குகளில் 1340லேயே அந்த முறை இருக்கிறது. புதுக் கணக்குப் புத்தகத்தின் தொடக்கத்தில் சிலுவைக்குறி போட்டு, கடவுள் பெயரை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள் என்பதும் பச்சோலியின் அறிவுரையில் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு வருஷமும் புது நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, கீழே 'லாபம்' என்று எழுதி, மஞ்சள் தடவி வைப்பார். லாபம் வந்த வருஷத்திலும் அதே, வராத வருஷத்திலும் அதே.

அப்பாவுக்கு பனியன் ஜாப் ஒர்க். பன்னிரண்டு பவர் டேபிள் மெஷின். கட்டிங் முடிந்து துணி வரும், தைத்துக் கொடுப்போம், செக்கிங் பண்ணிப் பீஸ் கணக்கில் காசு. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், அயர்னிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கும் ஊர் எங்களுடையது. இப்படிச் சிதறிக் கிடப்பது ஏதோ நம் ஊர் கோளாறு, பெரிய கம்பெனி வந்தால் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெனிஸைச் சுற்றியுள்ள வெனெத்தோ மாநிலமே இப்படித்தான் இருக்கிறது. அகோர்தோ பக்கம் மூக்குக்கண்ணாடி, மோந்தெபெல்லூனாவில் பனிச்சறுக்கு பூட்ஸ், பிரெந்தா ஆற்றோரம் பெண்கள் செருப்பு. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரே பொருள், சின்னச் சின்னப் பட்டறைகள், ஒன்றின் வேலை இன்னொன்றுக்குப் போகும். இதைத் 'தொழில் வட்டாரம்' என்று பெயரிட்டு இத்தாலியப் பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். லக்ஸோட்டிகா என்ற கண்ணாடிக் கம்பெனியை 1961இல் அகோர்தோவில் தொடங்கிய லெயோனார்தோ தெல் வெக்கியோ, அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். முதலில் அடுத்தவர்களுக்கு ஃபிரேம் உதிரிபாகம்தான் செய்து கொடுத்தார், முழுக் கண்ணாடியையும் தானே செய்து விற்றது அதற்குப் பிறகுதான். அடுத்தவர் கணக்கில் வேலை செய்பவருக்கு இத்தாலியில் 'தெர்ட்சிஸ்தா' என்று பெயர். வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நோட்டில் பக்கத்தில் 'ஜாப் ஒர்க்' என்று எழுதிக்கொண்டேன்.

நவம்பரில் பிரெந்தா பக்கம் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். பதினைந்து பேர் வேலை செய்யும் இடம், செருப்பின் மேல்பாகம் மட்டும் தைக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மெஷின் எண்ணெய் வாசம். கூட வந்தவர்கள் எல்லாம் சுவரில் இருந்த டிசைன்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதிருக்கும். தைத்து முடித்ததும் பீஸைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் தையலை ஒருமுறை தேய்த்துப் பார்த்து, நூலை வெட்டி, இடது பக்கம் போட்டார். எங்கள் யூனிட்டில் செக்கிங் அக்காவும் இதே மாதிரிதான் நகத்தால் தேய்ப்பார். உரிமையாளரிடம் பில் எத்தனை நாளில் செட்டில் ஆகும் என்று கேட்டேன். பேராசிரியர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார், அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். "அங்கயும் ஜாப் ஒர்க்குத்தானா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "பீஸுக்கு என்ன தர்றாங்களாம்?" என்றார்.

இனி தேர்வு. இதைத்தான் நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண் 30க்கு. 18 எடுத்தால் தேர்ச்சி, பிரமாதமாகச் செய்தால் '30 எ லோதே'. ஒவ்வொரு தேர்வும் ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகளில் நடக்கும், ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'அப்பெல்லோ' என்று பெயர். எந்தத் தேதிக்கு வருகிறோம் என்று நாமே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. நம்மூரில் ஹால் டிக்கெட் தானாக வருவது போல வரும் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். முதல் அப்பெல்லோவுக்குப் போய் உட்கார்ந்தால் பட்டியலில் என் பெயரே இல்லை. கெஞ்சிப் பார்த்தும் பலனில்லை, தப்பு என்னுடையது. அடுத்த வாய்ப்பு இரண்டு வாரம் கழித்து. நல்லவேளை, என் விமானம் அதற்கு மூன்று நாள் கழித்துத்தான்.

அது வாய்மொழித் தேர்வு. நம்முடைய வைவா மாதிரி ஐந்து நிமிஷச் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். முழு மதிப்பெண்ணும் அந்த இருபது நிமிஷத்தில்தான். பேராசிரியர் முன்னால் ஒரு நாற்காலி, பின்னால் உங்கள் முறைக்கு அடுத்தவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். காலையில் ஒரு தோழி "இன் பொக்கா அல் லூப்போ" என்று வாழ்த்தினாள், ஓநாயின் வாய்க்குள் என்று பொருள். அதற்கு 'சாகட்டும்' என்ற அர்த்தத்தில் "க்ரேப்பி" என்று சொல்ல வேண்டுமாம். நான் தேங்க்ஸ் சொல்லித் தொலைத்தேன். நன்றி சொன்னால் அபசகுனமாம், அவள் முகமே மாறிவிட்டது.

எனக்கு முன்னால் போன இத்தாலியப் பையனுக்கு 27 கொடுத்தார்கள். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டான். அங்கே மதிப்பெண் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு இன்னொரு முறை எழுதலாம். அரியர் இல்லாமல் தப்பித்தால் கோவிலுக்குத் தேங்காய் உடைக்கும் ஊரிலிருந்து போனவனுக்கு அதைப் பார்க்கத் தலைசுற்றியது.

என்னை உட்காரச் சொல்லி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார் பேராசிரியர். பெனெட்டனை எடுத்தேன். 1965இல் அதே வெனெத்தோவில் தொடங்கிய கம்பெனி. நூலுக்குச் சாயம் போட்டுப் பின்னுவதுதான் வழக்கம். இவர்கள் சாயமே போடாமல் ஸ்வெட்டரைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு உடுப்பையே சாயத்தில் முக்கினார்கள். தையல் வேலையில் பெரும்பகுதி வெளியே தெர்ட்சிஸ்தாக்களிடம். மனப்பாடம் செய்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தி, "சரி, ஆர்டர் குறைந்தால் நஷ்டம் யாருக்கு?" என்றார்.

புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்ததா என்று இன்று வரை நான் பார்க்கவில்லை. எங்கள் யூனிட்டைப் பற்றிச் சொன்னேன். ஆர்டர் கேன்சல் ஆனால் எக்ஸ்போர்ட்டர் துணியை எங்கள் ஊர் காதர்பேட்டைச் சந்தையில் தள்ளிக் கொஞ்சமாவது தேற்றிவிடுவார், நாங்கள் சும்மா கிடக்கும் மெஷினுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்போம் என்றேன். அதன் பிறகு பத்து நிமிஷம் அவர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், பாடத்திட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. 26 போட்டு, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். கிளம்பும் முன்பே, அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துறைத் தலைவரின் கையெழுத்து போதாது, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முத்திரையும் வேண்டும். என் கல்லூரியில் "அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்" என்றார்கள். வந்து பார்த்தேன். நான்கு பாடத்தை ஏற்றுக்கொண்டு, ஒரு கணக்கியல் பாடத்தை மட்டும் தலைப்பு ஒத்துவரவில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஏப்ரலில் அரியர் எழுதினேன். முதல் பகுதியில் இரண்டு மார்க் கேள்வி: இரட்டைப் பதிவு முறையைக் கண்டுபிடித்தவர் யார்? பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லூக்கா பச்சோலி, 1494 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.