தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளின் மனநலமும் சட்டமும்: ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர் அக்காவிடம் கேளுங்கள்

சாட்ஸ்வொர்த் தாய்: அக்கா, என் 13 வயது மகள் எனக்குச் சொல்லாமல் கிளினிக்கில் ஆலோசகரைப் பார்க்கிறாள். இது செல்லுமா?

செல்லும். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 129ஆம் பிரிவு. 12 வயது தாண்டி, நன்மை தீமை புரியும் பக்குவமும் இருந்தால் மருத்துவச் சிகிச்சைக்குப் பிள்ளையே சம்மதிக்கலாம். 13ஆம் பிரிவு ரகசியத்தையும் காக்கிறது. ரகசியம் பிள்ளையின் நலனுக்கே கேடு என்றால் மட்டும் விலக்கு உண்டு. அவள் பையைத் துழாவாதீர்கள், தானாகப் போகிறாளே என்று சந்தோஷப்படுங்கள். ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அந்த ஆலோசகர் எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் தொழிலர் மன்றத்திலோ சமூகப் பணியாளர் மன்றத்திலோ பதிவு செய்தவரா? பலகை மாட்ட யாராலும் முடியும்.

டர்பன் ஃபீனிக்ஸ் அண்ணன்: பெற்றவர்களை ஒதுக்கும் சட்டம் நம் குடும்பத்துக்கு எதற்கு?

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே சண்டைதான், அண்ணா. அங்கே 12 வயதானவர்கள் தாங்களே ஆலோசனைக்குப் போகலாம் என்று ஏற்கெனவே சட்டம் இருந்தது. ஆனால் மெடி-கால் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கு, ஆபத்தோ கொடுமையோ இருந்தால்தான் அந்த வழி. ஏபி 665 என்ற சட்டம் 2024 ஜூலை 1 முதல் அந்த வேறுபாட்டை எடுத்தது. பெற்றோரைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன் ஆலோசகர் பிள்ளையோடு பேசியாக வேண்டும் என்றும் அதில் உண்டு. ஒதுக்குவது எங்கே?

ஃபீனிக்ஸ் அண்ணன்: நாங்கள் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சரிசெய்தோம்.

கூட்டிப்போங்கள், காவடியும் எடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டில் வாய் திறக்க முடியாத பிள்ளை, சில நேரம் வீட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதை நான் பணியில் பார்த்தவள்.

டொங்காட் வாசகர்: அக்காவுக்குப் பெற்றோர் மேல் கோபம் போல.

இல்லை தம்பி. மேலே போகலாம்.

வெருலம் வாசகர்: நம் குவாசுலு-நட்டால் மாகாணமும் புதுச் சட்டம் போடலாமே?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2002இலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியை நடத்துவதும் பணியிடத்துக்குப் பணம் ஒதுக்குவதும் மாகாணம். காவுடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல விடுதியிலிருந்து மாற்றப்பட்ட மனநோயாளிகளில் 144 பேர் இறந்தது அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதுதான். ஆகவே அரசியல்வாதி 'புதுச் சட்டம்' என்று சொன்னால், பள்ளிக்கு எத்தனை உளவியலாளர், சம்பளம் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தந்தை: 16 வயது மகன் சிகிச்சைக்கு வர மறுக்கிறான். சேர்க்க முடியுமா?

நிலைமை முற்றியிருந்தால், அதே மனநலப் பராமரிப்புச் சட்டப்படி முடியும். 18க்குக் கீழ் என்பதால் விண்ணப்பம் பெற்றோரோ பாதுகாவலரோ கொடுக்க வேண்டும், கொடுப்பவர் கடந்த 7 நாட்களுக்குள் அவனைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு 72 மணிநேர மதிப்பீடு. முதலில் பேசிப் பாருங்கள். தனியார் விடுதி எதற்கும் பதிவு பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பழக்கத்துக்கும் இதேதானா?

அதற்கு 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டம். இன்று வேண்டாம்.

ஸ்டாங்கர் வாசகர்: 12 வயதில் தனியாகப் போகலாமா?

முதல் பதிலைப் படிக்கவும்.

லெனேசியா தாய்: மகள் சாகப்போகிறேன் என்கிறாள். மெடிக்கல் எய்டும் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லை. போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆகாது. தற்கொலை முயற்சி இந்நாட்டில் குற்றமல்ல. தனியாக விடாதீர்கள், மாத்திரை, கத்தி எல்லாம் பூட்டுங்கள், இப்போதே அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போகும் வழியிலேயே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567 அல்லது பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116 கூப்பிடுங்கள். மற்றவர்கள் காத்திருங்கள், நான் இவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.