மேசைக்குப் போகத்தான் நேரம் போகிறது: படிப்புப் பழக்கம் பற்றி வன்னியிலிருந்து சில கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் பல வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடத்தில் வரும் சந்தேகத்தைவிட, “எப்படிப் படிக்கிறது?” என்ற கேள்விதான் இப்போது கூட வருகிறது. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தருமபுரத்திலிருந்து ஒரு தாய்: மகன் பத்தாம் ஆண்டு. கெட்டிக்காரன் என்று எல்லா ரீச்சர்மாரும் சொல்கிறார்கள். ஆனால் படிக்க இருந்தால் பென்சில் தேடுவான், தண்ணீர் குடிக்கப் போவான், அரை மணித்தியாலம் போய்விடும். இது சோம்பல்தானே சேர்?

இல்லை அக்கா. பாடம் விளங்குவது ஒரு திறமை, வேலையைத் தொடங்குவது வேறொரு திறமை. திட்டமிடுவது, தொடங்குவது, மனம் அலைந்தால் திருப்பிக் கொண்டுவருவது எல்லாம் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதளவு ஆகும். பதினைந்து வயதுப் பையனிடம் அது அரைகுறையாக இருப்பது குற்றமில்லை. ஏச்சு அதை வளர்க்காது.

இரவு படுக்கமுன் மேசையில் நாளைக்குரிய கொப்பியை விரித்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பேனை. ஒரு துண்டுத் தாளில் செய்யப்போகும் முதல் வேலையை எழுதவேண்டும். “விஞ்ஞானம்” என்று எழுதினால் பயனில்லை. “82ஆம் பக்கம், மூன்றாவது கேள்வி” என்று இருக்கவேண்டும். மலையைக் காட்டினால் யாரும் பின்வாங்குவார்கள், முதல் படியைக் காட்டினால் கால் தானாகப் போகும்.

அப்புறம், மணிக்கூட்டை நம்பவேண்டாம். “ஆறு மணிக்குப் படிப்பேன்” என்பதைவிட “மாட்டைக் கட்டிவிட்டு, கை கால் கழுவினவுடன் மேசைக்குப் போவேன்” என்பது நிலைக்கும். பீட்டர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் இந்த “இது நடந்தால் அதைச் செய்வேன்” முறையை நீண்டகாலம் ஆராய்ந்தவர். நடக்கிற ஒரு வேலையின் வாலில் புது வேலையைக் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே வீட்டில், பள்ளியில், விளையாட்டில், எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றால் ஒருக்கால் டொக்டரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மல்லாவி, உயர்தர மாணவி: எத்தனை டைம்டேபிள் போட்டாலும் மூன்று நாளைக்கு மேல் ஓடவில்லை.

பிள்ளை, சிறுபோகத்துக்கு, அதுதான் மழை குறைந்த கால நெல்லுக்கு, இரணைமடுக் குளத்தில் என்ன செய்கிறார்கள் என்று அப்பாவிடம் கேளும். முதலில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு. உமது டைம்டேபிளில் குளத்தைப் பார்க்காமலே முழு வயலையும் விதைக்கிறீர்.

ஒரு கிழமைக்கு டைம்டேபிளே வேண்டாம். ஒவ்வொரு நாளும் உண்மையில் எவ்வளவு நேரம் படித்தீர் என்று மட்டும் குறித்து வாரும். பள்ளி, ரியூசன், பஸ்ஸுக்கு நின்ற நேரம் போக இரண்டரை மணித்தியாலம்தான் மிஞ்சுகிறது என்றால், இரண்டு மணித்தியாலத்துக்குத் திட்டம் போடும். அரை மணித்தியாலம் சும்மா கிடக்கட்டும். வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், கரண்ட் போகும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மனிதர் குறைத்தே கணிப்பார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் த்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். நானும் வினாத்தாள் திருத்தும்போது ஒவ்வொரு தவணையும் இதே பிழையைத்தான் விடுகிறேன்.

முல்லைத்தீவு, சாதாரண தர மாணவன்: நோட்ஸை ஐந்து தரம் வாசித்தேன். மார்க்கரால் கோடும் போட்டேன். சோதனையில் ஒன்றும் வரவில்லை.

தம்பி, ஐந்தாம் தரம் வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்திருக்கும். அது தெரிந்த முகம் மட்டும்தான். சந்தையில் காணும் ஆளின் முகம் தெரியும், பெயர் வராது. சோதனை கேட்பது பெயரை.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை இது. ஒரு பத்தியை மாணவர்கள் இரண்டு தரம் படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்த பத்தியே முன்னுக்கு நின்றது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் தலைகீழ்: எழுதிப் பார்த்த பத்தியில் 56 வீதம் ஞாபகம், மற்றதில் 42 வீதம். மார்க்கர் உம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான்.

ஒளித்தொகுப்பை ஒருமுறை வாசியும். கொப்பியை மூடும். வெற்றுத்தாளில் தெரிந்ததெல்லாம் எழுதும். மூன்றாவது வரியில் பேனை நிற்கும், தலை வெறுமையாக இருக்கும், எரிச்சல் வரும். உடனே கொப்பியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் இழுபடும். படிப்பு நடப்பது அங்கேதான். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதும். மூன்று நாள் கழித்து அதே தலைப்பைத் திரும்ப எழுதினால் சிவப்பு குறைந்திருக்கும்.

விசுவமடு, ஒரு தந்தை: எங்கள் வீட்டில் மேசை இல்லை. மகளும் பின்னேரத்தில் வயலில் குருவி கலைக்கப் போகவேண்டும்.

பழைய கலண்டர் தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள் அண்ணை. முன்னால் கேள்வி, பின்னால் விடை. மூன்று சவர்க்காரப் பெட்டி போதும். எல்லாத் துண்டும் முதல் பெட்டியில், நாளாந்தம் பார்க்க. சரியாகச் சொன்னது இரண்டாவதற்குப் போகும், அது மூன்று நாளைக்கு ஒருமுறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாவது, கிழமைக்கு ஒருமுறை. பிழைத்தால் எங்கிருந்தாலும் திரும்ப முதற்பெட்டி. செபஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை. அன்றைய துண்டுகளை ஒரு ரப்பர் பான்ட் போட்டு வயலுக்குக் கொண்டுபோகலாம். குருவி வரும்வரை கை சும்மாதானே இருக்கிறது.

விடிய நாலு மணிக்கு எழும்பினால்தான் மனதில் நிற்குமா?

ஒன்பது மணிக்குப் படுத்தால் எழும்பலாம். பன்னிரண்டுக்குப் படுத்துவிட்டு நாலுக்கு எழும்பவேண்டாம். படித்தது மனதில் ஊறுவது நித்திரையில்.

உயர்தரப் பௌதிகவியல் எம்சிகியூ முடிக்க நேரம் காணாது.

50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். முதற் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிவதை மட்டும் செய்து, மற்றதற்குப் புள்ளடி போட்டுவிட்டுத் தாண்டும். பாஸ்ட் பேப்பரை வீட்டிலும் மணிக்கூடு வைத்தே செய்யும்.

ரியூசன் பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. போனை எப்படித் தள்ளி வைப்பது?

வந்த பாடத்தில் செய்யவேண்டிய கேள்விகளைக் கொப்பியில் எழுதும். எழுதி முடிந்ததும் போன் அம்மாவின் கையில். கவிழ்த்து மேசையில் வைப்பது வேலைக்காகாது, மனம் அதன் கீழேயே கிடக்கும்.

நெடுங்கேணி, ஒரு ஆசிரியை: மூன்று வேலை சொன்னால் பிள்ளைகள் முதலாவதை மட்டும் செய்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

ரீச்சர், வளர்ந்தவர்களே ஒரே நேரத்தில் நாலு விடயமளவுதான் மனதில் ஏந்துவார்கள். பிள்ளைகளுக்கு அதுவும் குறைவு. “படத்தைக் கீறி, பெயரிட்டு, பிறகு 5ஆம் கேள்வி” என்று நீங்கள் சொல்லி முடிக்கும்போது அவர்கள் பென்சில் சீவுகிறார்கள். கரும்பலகையின் இடப்பக்க மூலையில் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள், முடிந்தது. என் வகுப்பில் நான் எழுத மறந்த நாட்களில் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, “சேர், மூலை வெறுமையாய் இருக்குது” என்பான்.